லூகர் பி.08 கைத்துப்பாக்கியின் உதிரிப் பாகங்கள்: எக்காலத்தவை, என்ன மதிப்பு பெறும்?

ஏரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஒஹாயோவில் வசிக்கிறேன். அடுத்த வீட்டு அம்மையாரின் கணவர் சென்ற ஆண்டு காலமானார். கணவருடைய தந்தை இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரராக ஜெர்மனி வரை சென்று திரும்பியவர். அவர் கொண்டுவந்த லூகர் கைத்துப்பாக்கியைக் கணவர் பல ஆண்டுகளுக்கு முன்பே அதே ஊரில் ஒருவருக்கு விற்றுவிட்டதாக அம்மையார் சொல்கிறார். இப்போது வீட்டை ஒழுங்குபடுத்தும்போது ஒரு தகரப் பெட்டியில் சில பாகங்களும், கெட்டியான பழைய தோல் உறை ஒன்றும் கிடைத்துள்ளன. பழம்பொருள் வாங்கும் ஒருவர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகைக்குக் கேட்கிறார். அந்தத் தொகை நியாயமானதா என்று அம்மையார் என்னிடம் கேட்டார். எனக்கு இத்துறையில் அறிவு கிடையாது. ஆகவே பெட்டியில் உள்ளவற்றை இயன்றவரை விளக்கமாக எழுதுகிறேன்.

முதலாவது, அடியில் மரக்கட்டை பொருத்திய ஒரு மேகசின் (தோட்டாக்களை அடுக்கிக் கைப்பிடிக்குள் செருகும் பெட்டி). உடல் வெண்மையாகப் பளபளக்கிறது. பின்புறம் தகட்டை மடித்து இணைத்த கோடு தெரிகிறது. மரத்தில் 4371 என்ற எண்ணும், அதன் கீழே சாய்ந்த எழுத்தில் சிறிய 'சி'யும், ஒரு கூட்டல் குறியும் உள்ளன. இரண்டாவது, கறுப்பு நிற மேகசின். இதில் இணைப்புக் கோடு எதுவும் இல்லை. பக்கவாட்டில் எஃப்.எக்ஸ்.ஓ என்ற எழுத்துகளும், முதுகில் பி.08 என்பதும், கழுகு உருவத்தின் கீழ் 37 என்பதும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இதன் அடிப்பகுதியில் 6218 'என்' என்று இருக்கிறது. மூன்றாவது, மேல்நோக்கி முழங்கால்போல் மடங்கும் ஓர் இணைப்புத் தொகுதி. அதன் மேற்பரப்பில் மூன்று எழுத்துகள் பின்னிக்கிடக்கும் முத்திரையும், அதன் மூன்று துண்டுகளிலும் 71 என்ற எண்ணும் உள்ளன. இவை தவிர, தனியாக ஒரு பின் இணைப்பு (எண் 88), ஒரு பக்கத் தகடு, வைக்கோல் நிறத்தில் ஒரு ட்ரிகர் ஆகியவை இருக்கின்றன. தகட்டிலும் ட்ரிகரிலும் 05 என்ற எண்ணும், மிகச் சிறிய கிரீட முத்திரையும் காணப்படுகின்றன.

இவற்றைத் துடைத்துப் பளபளப்பாக்கிய பிறகு விற்பதா, இப்படியே விற்பதா? மொத்தமாகக் கொடுப்பதா, தனித்தனியாகக் கொடுப்பதா?

தொல்படைக்கலம் எழுதியது:

வணக்கம். விலைபேசுபவருக்கு இப்போதைக்கு எந்த விடையும் சொல்ல வேண்டாம் என்று அம்மையாரிடம் கூறுங்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், இந்தப் பெட்டியில் குறைந்தது நான்கு வெவ்வேறு துப்பாக்கிகளின் பாகங்கள் இருக்கின்றன. அவற்றை ஒரே குவியலாக எடைபோடுவது முறையல்ல.

அடையாளம் காண்பதற்கு முன் ஒரு பாதுகாப்புச் செய்தி. மேகசின்களில் தோட்டா எஞ்சியிருக்கிறதா என்று மேல்வாயில் பாருங்கள்; இருந்தால் அவற்றை முன்னோக்கித் தள்ளி ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவிடுங்கள். பழைய தோட்டாக்களைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்துவிடலாம்.

இனி எண்களுக்கு வருவோம். ஜெர்மன் தரைப்படை 1908-இல் ஏற்றுக்கொண்ட இந்தத் துப்பாக்கியில் முழு எண்ணும் சட்டகத்திலும் (கைப்பிடியோடு சேர்ந்த அடிப்பகுதி), பேரலின் (குழலின்) அடியிலும், பேரலைத் தாங்கும் மேல்பகுதியின் இடப்புறத்திலும் இருக்கும். சிறு பாகங்களில் அந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் பொறிக்கப்படும். பாகங்கள் கையால் இழைத்துப் பொருத்தப்பட்டவை என்பதால், ஒரு படைப்பிரிவின் பட்டறையில் பல துப்பாக்கிகளைக் கழற்றிச் சுத்தம் செய்யும்போது ஒன்றின் பாகம் மற்றொன்றுக்குப் போய்விடக் கூடாது என்பதே இதன் நோக்கம். எண் வரிசை ஒவ்வோர் ஆண்டும் புதிதாகத் தொடங்கும். முதல் 10,000 துப்பாக்கிகளுக்கு எழுத்து கிடையாது. அதற்கடுத்த 10,000-க்கு 'ஏ', பிறகு 'பி', பிறகு 'சி' என்று போகும். ஆகவே 4371 'சி' என்பது ஏதோ ஓர் ஆண்டில் ஒரு தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த 34,371-ஆவது துப்பாக்கியைக் குறிக்கிறது. எந்த ஆண்டு என்பதை எண் சொல்லாது. ஆண்டு பேரலின் பின்புறம், தோட்டா அமரும் அறையின் மேற்பரப்பில் இருக்கும். அந்தப் பகுதி உங்களிடம் இல்லை.

மர அடியும், மடித்து இணைத்த உடலும், நிக்கல் முலாமும் கொண்ட மேகசின் முதல் உலகப் போர்க் காலத்துக்குரியது. ஒவ்வொரு துப்பாக்கியுடனும் இரண்டு மேகசின்கள் அதே எண்ணுடன் வழங்கப்பட்டன. கூட்டல் குறி இருப்பது இரண்டாவது மேகசின், அதாவது உறையின் பக்கப் பையில் இருந்தது. அந்த முழங்கால் தொகுதியை நாங்கள் டாகிள் என்போம். பின்னிக்கிடக்கும் மூன்று எழுத்துகள் பெர்லினில் இருந்த டாய்ச்செ வாஃபன் உண்ட் முனிட்சியோன்ஸ்ஃபாப்ரிக்கன் என்ற நிறுவனத்தின் முத்திரை, சேகரிப்பாளர்கள் டி.டபிள்யூ.எம் என்று சுருக்கிச் சொல்வார்கள்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டியது இருக்கிறது. டாகிளின் மூன்று துண்டுகளிலும் 71, மேகசினிலோ 4371. ஏதோ ஒரு லூகரின் கடைசி இரண்டு இலக்கங்கள் 71-ஆக இருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்பதால், இது தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம். ஆனால் இரண்டும் ஒரே பெட்டியில், ஒரே குடும்பத்தில், ஒரே காலகட்டத்தின் தயாரிப்பாகக் கிடைத்திருப்பதால், இவை ஒரே துப்பாக்கியிலிருந்து பிரிந்தவை என்று கருதுவதற்கு நல்ல காரணம் இருக்கிறது. டாகிளின் முன்முனையில் உள்ள, தோட்டா அறையை அடைக்கும் பூட்டுக்கட்டையின் மேலே 'கெலாடன்' (தோட்டா உள்ளே இருக்கிறது) என்று எழுதிய சிறிய எக்ஸ்ட்ராக்டர், அதாவது சுட்ட தோட்டாவின் கூட்டை இழுத்தெடுக்கும் கொக்கி, இருக்கும். அது எளிதில் உடைவதால் அடிக்கடி மாற்றப்பட்ட பாகம். அதிலும் 71 இருக்கிறதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

கறுப்பு மேகசின் முற்றிலும் வேறு காலத்தது. எஃப்.எக்ஸ்.ஓ என்பது ஸூல் நகரத்து ஹேனல் நிறுவனத்துக்கு இரண்டாம் உலகப் போரின்போது வழங்கப்பட்ட மறைகுறி. கழுகு 37 அங்கிருந்த படைத்துறை ஆய்வாளரின் ஏற்பு முத்திரை. இணைப்பில்லாக் குழாயாக இழுத்துச் செய்யப்பட்டதால் இது மடித்த மேகசினைவிட உறுதியானது. இது 1941 அல்லது 1942-இல் ஓபெர்ன்டார்ஃப் நகரில் மவுசர் நிறுவனம் செய்த துப்பாக்கி ஒன்றுடன் போயிருக்க வேண்டும்.

கிரீட முத்திரையுடன் உள்ள தகடும் ட்ரிகரும் எர்ஃபுர்ட் அரசு ஆயுதச் சாலையைச் சேர்ந்தவையாகத் தெரிகின்றன. சிறு பாகம் ஒவ்வொன்றிலும் விடாமல் முத்திரை குத்துவது எர்ஃபுர்ட்டின் வழக்கம்.

எண் 88 உள்ள பின் இணைப்பைப் பற்றி ஒன்று கேட்கிறேன். அதன் பின்முனையில் குறிபார்ப்பதற்கான 'வி' வடிவ வெட்டு இருக்கிறதா?

உலைக்களம் எழுதியது:

துடைப்பது குறித்து மட்டும் எழுதுகிறேன். இயந்திரப் பட்டறையில் வேலை செய்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த பகுதி அதுதான்.

அந்த ட்ரிகரின் வைக்கோல் நிறம் பூச்சு அல்ல. மெருகேற்றிய எஃகை ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குச் சூடாக்கும்போது மேற்பரப்பில் உருவாகும் மிக மெல்லிய ஆக்சைடு படலமே அந்த நிறத்தைத் தருகிறது. உலோகம் பளபளப்பாக்கும் பசையை ஒரு முறை தேய்த்தாலே அது போய்விடும். மவுசர் 1937 வாக்கில் சிறு பாகங்களுக்கு இந்த நிறமேற்றும் முறையைக் கைவிட்டு, எல்லாவற்றையும் வெந்நீலக் கரைசலில் மூழ்க வைத்துக் கருநீலமாக்கத் தொடங்கியது. ஆகவே வைக்கோல் நிறம் அந்தப் பாகம் அதற்கு முந்தையது என்பதற்குச் சான்று. சான்றைத் தேய்த்து அழித்துவிட்டால் அந்தப் பாகத்தின் வயதை வேறு எதைக்கொண்டு நிறுவுவது? டாகிளின் கருநீலமும் அதே அளவு மென்மையானது. அது துருவேற்றி, கொதிநீரில் வேகவைத்து, தேய்த்து, மீண்டும் துருவேற்றி என்று பல சுற்றுகளில் உருவாக்கிய பழைய முறை நிறம்.

துரு நீக்கும் திரவம், வினிகர், கம்பித் தூரிகை ஆகிய எதுவும் அருகில் வரக் கூடாது. பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி துருவோடு சேர்த்துக் கருநீலத்தையும் கரைத்துவிடும். மெல்லிய இயந்திர எண்ணெயில் நனைத்த பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, ஒரு நாள் ஊறவிட்டு, மீண்டும் ஒற்றினால் போதும். மரத்தின்மேல் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மரம் எண்ணெயை உறிஞ்சினால் எண்கள் மங்கிவிடும். பாகங்களைத் தோல் உறைக்குள் வைக்காதீர்கள். பழைய தோலில் உள்ள பதனீட்டு உப்புகளும் ஈரமும் எஃகை அரித்துக்கொண்டே இருக்கும்.

ஏரிக்கரை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. எக்ஸ்ட்ராக்டரிலும் 71 இருக்கிறது. எண் 88 உள்ள பின் இணைப்பில் வெட்டு எதுவும் இல்லை. மேற்பரப்பு வழவழப்பாகவே முடிகிறது. யாராவது அரத்தால் ராவியிருப்பார்களோ என்று எண்ணி ஒளியில் சாய்த்துப் பார்த்தேன். ராவிய தடம் எதுவும் தெரியவில்லை.

தோல் உறையின் மூடிக்கு உட்புறத்தில் பெர்லின் என்றும் 1917 என்றும் அழுத்தப்பட்டிருக்கிறது. பக்கப் பையைத் திறந்தபோது, நான்காக மடித்த தட்டச்சுத் தாள் ஒன்று கிடைத்தது. 1945-ஆம் ஆண்டுத் தேதியும், ஒரு படை அதிகாரியின் கையொப்பமும், கீழ்க்கண்ட போர்ச் சின்னத்தை இவ்வீரர் தாயகத்துக்கு எடுத்துச் செல்ல அனுமதிக்கப்படுகிறார் என்ற வாசகமும் அதில் இருக்கின்றன. பொருளின் பெயர் லூகர் கைத்துப்பாக்கி என்றும், எண் 4371 என்றும் இருக்கிறது. எழுத்து எதுவும் குறிப்பிடப்படவில்லை. அம்மையார் தம் மாமனாரின் பெயரைப் பார்த்ததும் நெடுநேரம் பேசவே இல்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். என் ஒன்றுவிட்ட அண்ணன் மதுரையில் பழைய நாணயங்களும் பதக்கங்களும் சேகரிக்கிறார். அந்த ட்ரிகரைப் போன்ற சிறிய துண்டு ஒன்றைக் காட்சிக்கு வைத்துக்கொள்ள அவருக்கு எடுத்துச் செல்லலாமா?

சட்டமறிந்தவர் எழுதியது:

வேண்டாம். இந்தியாவின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 'ஆயுதம்' என்பதற்குத் தரும் வரையறையிலேயே ஆயுதங்களின் பாகங்களும் அடங்குகின்றன. உரிமமில்லாமல் ஒரு ட்ரிகரைப் பயணப்பெட்டியில் வைத்துச் சென்னை விமான நிலையத்தில் இறங்குவது உங்களுக்கும், அதைப் பெற்றுக்கொள்ளும் அண்ணனுக்கும் கடும் துன்பத்தைத் தரும். அமெரிக்காவிலிருந்து துப்பாக்கிப் பாகங்களை வெளியே அனுப்புவதற்கும் தனி ஏற்றுமதி விதிகள் உண்டு. அண்ணனுக்கு நல்ல ஒளிப்படம் ஒன்றைக் கொடுங்கள்.

அமெரிக்காவுக்குள் நிலைமை வேறு. 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, லூகரில் எண் பொறித்த சட்டகமே துப்பாக்கியாகக் கருதப்படுகிறது. அது உங்களிடம் இல்லாததால், கூட்டரசுச் சட்டத்தைப் பொறுத்தவரை இந்தப் பாகங்களை உரிமம் பெற்ற வணிகர் வழியாகத்தான் விற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மாநிலங்களின் சட்டங்கள் வேறுபடும். வேறு மாநிலத்தவருக்கு அனுப்புவதானால், அந்த மாநிலத்தின் விதியைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

தொல்படைக்கலம் எழுதியது:

அந்தத் தாள்தான் இந்தப் பெட்டியின் உயிர். போர்ச் சின்னங்களைக் கொண்டுவந்த அமெரிக்க வீரர்களுக்கு அவர்களுடைய மேலதிகாரிகள் எழுதிக்கொடுத்த இத்தகைய சான்றுகள் பெரும்பாலும் தொலைந்துபோயின. எண்ணோடு கூடிய சான்று கிடைப்பது இன்னும் அரிது. ஜெர்மன் எண்முறையை அறியாத அமெரிக்க எழுத்தர் இலக்கங்களை மட்டும் தட்டச்சு செய்து, கீழிருந்த எழுத்தை விட்டிருப்பது இயல்பே. அதனால் சான்றின் மதிப்பு குறையாது. மேகசினில் 4371 'சி', டாகிளிலும் எக்ஸ்ட்ராக்டரிலும் 71, தாளில் 4371. நான் முன்பு தற்செயலாக இருக்கலாம் என்று எழுதிய இடத்தில் இப்போது அந்த ஐயத்துக்குப் பெரிதாக இடமில்லை. 1917-ஆம் ஆண்டு உறையும் அதே துப்பாக்கியுடன் வந்ததாகவே கொள்ளலாம். முதல் போரில் செய்த லூகர்கள் பல இரண்டாம் போரிலும் பயன்பாட்டில் இருந்தன என்பதால், 1945-இல் ஓர் அமெரிக்கர் கைக்கு அது வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

ஆகவே தாள், மர அடி மேகசின், டாகிள், உறை ஆகிய நான்கையும் எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். அவற்றைத் தனித்தனியே விற்றால் ஒவ்வொன்றும் சாதாரணப் பழம்பொருள் விலைக்கே போகும். டி.டபிள்யூ.எம் டாகிள்கள் சந்தையில் ஏராளம். ஆனால் 4371 'சி' எண்ணுள்ள துப்பாக்கியை இன்று வைத்திருப்பவருக்கு இந்த நான்கும் வேறு எவருக்கும் தராத மதிப்பைத் தரும். அவரிடம் இருப்பது இப்போது வேறு துப்பாக்கியின் டாகிளை மாட்டிய, எண் பொருந்தாத லூகராக இருக்க வேண்டும். எண் பொருந்தாத லூகரை, சேகரிப்புக்கு உரியதாக அல்லாமல், வெறுமே சுட்டுப் பழகுவதற்கான துப்பாக்கி என்றே சேகரிப்பாளர்கள் விலையிடுவார்கள். எல்லாம் பொருந்திய அதே லூகரின் விலை அதன் இரண்டு மடங்குக்கு மேலும் போகக்கூடும். பொருந்திய மேகசினும் கொண்டுவந்த வீரரின் சான்றும் சேர்ந்தால் அது இன்னும் உயரும். துப்பாக்கி அதே ஊரில் விற்கப்பட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். வாங்கியவரையோ அவருடைய பிள்ளைகளையோ அம்மையார் நினைவுகூர முடிந்தால், முதலில் அங்கே கேளுங்கள். அவரிடம் சட்டகத்தில் உள்ள எண்ணைக் கேளுங்கள். நீங்கள் முந்திக்கொண்டு எண்ணைச் சொல்லாதீர்கள்.

எண் 88 உள்ள பின் இணைப்பு குறித்து நான் கேட்டதற்குக் காரணம் உண்டு. சாதாரண 100 மில்லிமீட்டர் பேரல் கொண்ட லூகரில் பின்குறி, அதாவது குறிபார்க்கும் அந்த வெட்டு, இந்த இணைப்பின்மேல்தான் இருக்கும். கடற்படைத் துப்பாக்கியிலும் அங்கேதான் இருக்கும். ஆனால் 100, 200 மீட்டர் தொலைவுகளுக்கு நகர்த்தி மாற்றக்கூடியதாக இருக்கும். பீரங்கிப் படையினருக்கென்று செய்த 200 மில்லிமீட்டர் பேரல் கொண்ட நீள லூகரில் மட்டும் பின்குறி பேரலின்மேலேயே அமைந்திருப்பதால், பின் இணைப்பு வெறுமையாக இருக்கும். ராவிய தடம் இல்லை என்று நீங்களே பார்த்துவிட்டதால், உங்கள் கையில் இருப்பது பீரங்கி லூகரின் பின் இணைப்பு என்றே கருதுகிறேன். அந்த வகைத் துப்பாக்கியைச் சீரமைப்பவர்கள் இதைத் தேடிக்கொண்டிருப்பார்கள். பெட்டியைப் பார்த்தவுடன் மொத்த விலை சொன்னவர் இந்தத் துண்டைப் பார்த்துத்தான் சொன்னாரோ என்று எனக்கு ஐயம் உண்டு. இதைத் தனியே, பீரங்கி லூகரின் பாகம் என்று தெளிவாகக் குறிப்பிட்டே விற்க வேண்டும்.

எஃப்.எக்ஸ்.ஓ மேகசின் நல்ல நிலையில் இருந்தால் 100 முதல் 200 டாலர் வரை கேட்பது பொருத்தமானது. அதில் மேல்வாயின் உதடுகள் விரிந்திருக்கிறதா, உள்ளே ஸ்பிரிங் முழு அழுத்தத்துடன் எழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 6218 'என்' எண்ணுள்ள துப்பாக்கியின் உரிமையாளர் எங்காவது இதைத் தேடிக்கொண்டிருக்கக்கூடும். ஆகவே விளம்பரத்தில் எண்ணையும் எழுத்தையும் முழுமையாகக் குறிப்பிடுங்கள். சேகரிப்பாளர்கள் எண்ணை வைத்தே தேடுவார்கள். எர்ஃபுர்ட் தகடும் ட்ரிகரும் ஒரே எண் கொண்டவை என்பதால் இணையாகப் போகட்டும். இரண்டும் பெரிய தொகை பெறாது.

விலையைத் தீர்மானிக்க, விற்பவர்கள் கேட்கும் தொகையைப் பார்க்காதீர்கள். ஏலத் தளங்களில் முடிவடைந்த ஏலங்களை மட்டும் பாருங்கள். கேட்கும் விலை பல ஆண்டுகள் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. லூகர் பாகங்களில் போலி எண் குத்தும் தொழில் நெடுங்காலமாக நடக்கிறது. பழைய எண்ணை ராவிவிட்டு, விரும்பிய எண்ணைப் புதிதாகக் குத்துவார்கள். உங்களிடம் உள்ளவை குடும்பத்தை விட்டு வெளியே போகாதவை என்பதால் எனக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் வாங்குபவருக்கு இருக்கும், இருக்கவும் வேண்டும். எனவே ஒவ்வொரு எண்ணையும் சாய்வான பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்து, மிக நெருக்கமாகப் படமெடுங்கள். எண்ணைச் சுற்றியுள்ள பரப்பு பள்ளமாக இல்லாமல் சமமாக இருப்பது படத்தில் தெரிய வேண்டும். அந்தத் தாளை இருபுறமும் படமெடுத்துவிட்டு, அமிலமற்ற காகித உறையில் மடிக்காமல் வையுங்கள்; வீரரின் படை எண்ணை மட்டும் பொதுவெளியில் மறைத்துவிடுங்கள். இந்தக் குடும்பத்திடமிருந்து இப்பொருள்கள் நேரடியாக வருகின்றன என்று அம்மையார் தம் கைப்பட ஒரு பக்கம் எழுதிக் கையொப்பமிட்டால், அதையும் அந்த நான்கோடு சேர்த்தே கொடுங்கள். ஊர்க்காரர் கிடைத்தால் அவருடைய சட்டக எண்ணை இங்கே எழுதுங்கள். தோட்டா அறையின் மேலுள்ள ஆண்டு 1917-தானா என்றும் கேட்டுச் சொல்லுங்கள்.